அவர் வண்டியோடு ஓடிய எட்டு வசனங்கள்

என் வீட்டுக்காரர் ரயில்ல பயர்மேன். கோலாலம்பூர்லேருந்து போர்ட் சுவெட்டன்ஹாம் போற வண்டியில கரி அள்ளிப் போடுற வேலை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ்ல எங்களுக்கு ஒரு ரூமு, ஒரு அடுப்படி, பின்னால எல்லாருக்கும் பொதுவா ஒரு தண்ணிப் பைப்பு. அதுக்கும் பின்னால தண்டவாளம். வண்டி சத்தத்துல நாம பேசுறது பாதிதான் காதுல விழும், அதனாலதான் என் தொண்டை இப்படிப் பெருசாயிடுச்சுன்னு நான் சொல்லிக்குவேன். எங்க வீட்டு ஆளுங்க நம்பமாட்டாங்க. காப்பார் தோட்டத்துல பொறந்த அன்னிக்கே இந்தத் தொண்டையோடதான் வந்தேனாம்.

காப்பார் பக்கம் ஒரு கித்தா தோட்டத்துல, அதான் ரப்பர் தோட்டத்துல, கூலி ஆளுங்க இருக்கிற லயத்துல வளந்தவ நான். பால் மரம் வெட்டத் தெரியும், வாளி தூக்கத் தெரியும், யாராவது குறுக்கே பேசினா திருப்பிக் குடுக்கத் தெரியும். எழுத்து மட்டும் தெரியாது. அது நாப்பது வயசுக்கு மேலதான் எனக்கு வந்துச்சு. அவரு அப்படியில்ல. மிஷன் பள்ளிக்கூடத்துல அஞ்சு வருஷம் படிச்சவரு, பரம்பரையா வேதக்காரங்க. கல்யாணத்துக்கு முந்தின வாரம் எனக்கு ஞானஸ்நானம் குடுத்தாங்க. சரி, இத்தோட எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

முடியல. ஞானஸ்நானம் வேற, சபையில முழு அங்கமாச் சேர்றது வேறயாம். கர்த்தருடைய ஜெபம், பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், அதோட ஒரு சங்கீதம், இத்தனையும் பாக்காம ஒப்பிக்கணும். போதகர் ஐயாவும் மூப்பர் ஒருத்தரும் உக்காந்து கேப்பாங்க. வருஷத்துக்கு ஒரு தடவைதான், அறுப்பின் பண்டிகைக்கு முந்தி. அதுல தேறினாத்தான் திருவிருந்துல பங்கு. தேறலைன்னா அடுத்த வருஷம்.

இதுல என்ன பெரிய விசயம்னு கேப்பீங்க. எங்க சபையில ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம். கோயிலுக்குள்ள நுழைஞ்சா புருசன் யாரோ நான் யாரோ. மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை, திருவிருந்து அன்னிக்கு மட்டும், கட்டினவங்க சோடியா எந்திரிச்சுப் போயி, முன்னால இருக்கிற மரக் கிராதிகிட்ட பக்கத்துப் பக்கத்துல முட்டி போடுவாங்க. அவரு மட்டும் தனியாப் போவாரு. நான் கடைசிப் பலகையில, தூணுக்குப் பின்னால, ரெண்டு புள்ளைகளையும் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். அந்த நேரம் பாத்துத் தலையைக் குனிஞ்சுக்குவேன். அவரு தனியா நடந்து போறதைப் பாக்க எனக்குச் சகிக்காது. அவரு பக்கத்துல ஒரு தடவை முட்டி போடணும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். மோட்சம் அப்புறமாக் கிடைக்கட்டும்னுகூட நினைச்சதுண்டு, ஆண்டவர் மன்னிக்கணும்.

மத்ததெல்லாம் வாராவாரம் கோயில்ல காதால கேட்டுக் கேட்டே வாயில வந்துடுச்சு. இந்தச் சங்கீதம்தான் சண்டித்தனம் பண்ணுச்சு. மலையை அண்ணாந்து பாத்து, எனக்கு எங்கேருந்து ஒத்தாசை வரும்னு கேக்கிறாரே ஒருத்தர், அந்தச் சங்கீதம். மொத்தமே எட்டு வசனம். ஆனா அதுக்குள்ள காக்கிறவர், காப்பார், காப்பார்னு அதே வார்த்தை சுத்திச் சுத்தி வரும். எதுக்கப்புறம் எதுன்னு பிடி கிடைக்காது. கல்யாணமாகி அஞ்சாவது வருசம் முதல் தடவை போனப்ப மூணாவது வசனத்துலயே நாக்கு ஒட்டிக்கிச்சு. போதகர் ஐயா நல்ல மனுசர், "பரவாயில்லைம்மா, அடுத்த வருசம் பாப்போம்" அப்படின்னு சொன்னாரு. மூப்பர் நோட்டுல ஒரு கோடு போட்டாரு. அந்தக் கோட்டுக்காக அவர் மேல எனக்கு ஒரு வருசம் கோவம் இருந்துச்சு. எதிரே வந்தா வேற பக்கம் திரும்பிக்குவேன். அவரு ஆஸ்பத்திரியில புண்ணுக்குக் கட்டுப் போடுற டிரஸ்ஸர், சிரிச்சு யாரும் பாத்ததில்ல. வீட்டுக்கு வந்து அன்னிக்கு நான் ஆக்கின மீன்குழம்புல உப்பே போடல. எங்க வீட்டுக்காரர் அதையே முழுசாச் சாப்பிட்டு எந்திரிச்சாரு.

அடுத்த வருசம் வகுப்புல என்னோட ஒரு யாழ்ப்பாணத்து அக்கா சேர்ந்தாங்க. ரயில்வே ஒப்பீஸ்ல கணக்கு எழுதுற கிராணியார் சம்சாரம். அவங்க வேற சபையிலேருந்து வந்தவங்க, ஆனாலும் எங்க சபையில சேரணும்னா ஒப்பிச்சுத்தான் ஆகணும்னு மூப்பர் சொல்லிட்டாரு. அவங்களுக்கு எழுத்து உண்டு. சிலேட்டுல வசனத்தை முழுசா எழுதுவாங்க. முதல் நாள் ஒரு வார்த்தையை அழிச்சிட்டு, அந்த ஓட்டையோட வாசிப்பாங்க. மறுநாள் இன்னொரு வார்த்தை. கடைசியில சிலேட்டு வெறுமனே கிடக்கும், வசனம் மண்டைக்குள்ள இருக்கும். "இஞ்ச பாரும் பிள்ளை, இப்பிடித்தான் பாடமாக்க வேணும்" அப்படின்னு என்கிட்ட காட்டுவாங்க. எனக்கு எழுதின சிலேட்டும் ஒண்ணுதான், அழிச்ச சிலேட்டும் ஒண்ணுதான். அதை அவங்ககிட்டயே சொன்னேன். பாவம், முகம் சிவந்து போச்சு. அப்புறம் எனக்குன்னு வேற வழி யோசிக்க ஆரம்பிச்சாங்க, நல்ல மனசு.

விரல் கணுவுல வச்சுக்கோன்னாங்க. ஒரு கணுவுக்கு ஒரு வசனம். சரின்னு ரெண்டு நாள் பண்ணினேன். மாவு பிசையுறப்பவும் துணி தோய்க்கிறப்பவும் எந்தக் கணுவை எண்ணுறது? அரை மைல் நடந்து பாசாருக்குப் போனா ரெண்டு கையிலயும் கூடை. அப்புறம் ராகம் போட்டுப் பாடிப் பாருன்னாங்க. எனக்குத் தெரிஞ்ச ராகம் எல்லாம் தோட்டத்து ராகம். கும்மியில போட்டேன், வசனம் நல்லாத்தான் வந்துச்சு, ஆனா ராகம் நின்னாத்தான் வசனமும் நிக்கும், நடுவுல நிறுத்த முடியாது, காலும் சும்மா இருக்கல. தாலாட்டுல போட்டேன், சின்னது தூங்கிடுச்சு, எனக்கும் கண்ணைச் சொருகிடுச்சு. தூங்காம காக்கிறவரைப் பத்தின சங்கீதத்தைப் பாடித் தூங்கினவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

கடைசியில வழி கண்டுபிடிச்சவரு எங்க வீட்டுக்காரர்தான். அதுவும் தானா வரல, நான் கத்தினதுல வந்துச்சு. ஒரு நாள் சாயங்காலம் டியூட்டி முடிஞ்சு கரியும் புகையுமா வந்து பைப்படியில குளிச்சுக்கிட்டிருந்தாரு. நான் பின்வாசல்ல நின்னு, "உங்க வண்டி நிக்கிற ஸ்டேஷன் எல்லாம் வரிசையாச் சொல்றேன், ஒண்ணு விடமாட்டேன். இந்த எட்டு வசனம் மட்டும் ஏங்க என் மண்டையில நிக்கமாட்டேங்குது?" அப்படின்னு சண்டை பிடிச்சேன். அவரு சோப்பு நுரையோட திரும்பிப் பாத்து, "எத்தனை ஸ்டேஷன் புள்ள?" அப்படின்னாரு. எண்ணினேன். எட்டு.

அன்னிக்கே உக்காந்தோம். அவரு வேதத்தை வச்சு ஒவ்வொரு வசனமா வாசிக்க, நான் அதை ஒவ்வொரு ஸ்டேஷன்ல இறக்கினேன். கோலாலம்பூர் ஸ்டேஷன்ல நின்னா தூரத்துல மலை தெரியும், அதனால மலையைப் பாக்கிற வசனம் அங்க. அடுத்தது பெட்டாலிங், வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர்கிட்டேருந்து ஒத்தாசை வரும்ங்கிற வசனம் அங்க. சுங்கைவேயில பிளாட்பாரம் தாழ்வு, மழை பெஞ்சா வழுக்கும். கால் தள்ளாட விடமாட்டார், காக்கிறவர் கண்ணயரமாட்டார்ங்கிற வசனம் அங்க. அதுக்கப்புறம் ஒரு சின்ன ஹால்ட். ஒரு பலகையும் ஒரு விளக்குக் கம்பமும், அவ்வளவுதான் அங்க. காக்கிறவர் தூங்கறதே இல்லைன்னு மறுபடியும் ஒரு வசனம் வருதே, அதை அந்த விளக்குகிட்ட வச்சேன். பத்து தீகாவுல வலது கைப் பக்கம் ஒரு பெரிய மரம், நிழல் வசனம் அங்க. பாடாங் ஜாவா வெட்ட வெளி, அங்க வெயில் வசனம். கிள்ளான்ல ஆத்துப் பாலம், தீங்கு வராமக் காக்கிற வசனம். கடைசியா போர்ட்டுல கப்பல் போகும் வரும், போறதையும் வர்றதையும் காக்கிறவர்னு முடிச்சேன். எனக்கு அன்னிக்கு இருந்த சந்தோசம் சொல்லி முடியாது. எட்டையும் மூச்சு விடாம ஒப்பிச்சேன். பக்கத்து வீட்டுக்காரங்க சுவத்தைத் தட்டினாங்க.

அதுக்கப்புறம் தினமும் அவர் வண்டியோட நானும் போனேன். காலையில ஏழு மணி வண்டி வீட்டுக்குப் பின்னால போறப்ப விசில் ஒண்ணு குடுப்பாரு, டிரைவர் அண்ணே அதுக்கு மட்டும் இடம் குடுத்திருந்தாரு. விசில் கேட்டதும் முதல் வசனம். வாசல் கூட்டி முடிக்கிறப்ப அவரு பெட்டாலிங்குல இருப்பாரு, ரெண்டாவது. சட்டி பானை கழுவுறப்ப சுங்கைவே. பெரியவனுக்குத் தலை வாரிவிடுறப்ப அந்த ஹால்ட். இப்படி ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஸ்டேஷன், ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு வசனம். மழை நாள்ல வண்டி லேட்டா இருக்கும்னு வசனத்தையும் மெதுவாச் சொல்லுவேன். சாயங்காலம் அவரு வந்து, "இன்னிக்கு எங்க கூட்டமா இருந்துச்சு தெரியுமா" அப்படின்னு ஆரம்பிச்சா, எந்த வசனத்துலன்னு மனசுக்குள்ள பாத்துக்குவேன். வெளியில யார்கிட்டயும் சொல்லல. சங்கீதத்துல ரயில் விடுறா பாருன்னு சிரிப்பாங்களேன்னு பயம்.

பரீட்சைக்கு ரெண்டு மாசம் இருக்கிறப்ப அவரை வேற வண்டிக்கு மாத்தினாங்க. கப்பலுக்கு ஆளு ஏத்திக்கிட்டுப் போற மெயில் வண்டி. ஏழரைக்குப் புறப்படும். வேலையும் கூட, வீட்டுக்கு வர நேரமும் ஆகும், வந்தா சோறு தின்னுட்டுப் படுக்கத்தான் சரியா இருக்கும். சாயங்காலம் ஒப்பிச்சுக் காட்டுறது நின்னு போச்சு. எனக்கு அதுல ஒண்ணும் கவலையில்ல. வசனம் வாயில தண்ணியா ஓடுச்சு. நானும் ஏழரைக்கு ஏத்த மாதிரி வேலையை மாத்தி வச்சுக்கிட்டேன்.

பரீட்சை சனிக்கிழமை மத்தியானம், கோயில் பக்கத்து அறையில. முதல்ல அக்கா போனாங்க, வந்தாங்க, கண்ணு மலர்ந்திருந்துச்சு. அடுத்தது நான். போதகர் ஐயா நடுவுல, மூப்பர் நோட்டோட ஓரத்துல. ஜெபம், கட்டளை, பிரமாணம், எல்லாம் ஆச்சு. சங்கீதம் சொல்லச் சொன்னாங்க. மனசுக்குள்ள விசில் அடிச்சுச்சு, புறப்பட்டேன். ஒரு இடத்துலயும் தடுக்கல. போர்ட்டுல போயித்தான் நின்னேன்.

போதகர் ஐயா சிரிச்சாரு. மூப்பர் சிரிக்கல. "ஏழுதான் வந்துச்சு" அப்படின்னாரு.

"எட்டுங்க" அப்படின்னேன்.

"விரல் விட்டு எண்ணினேம்மா. ஏழு."

"அப்ப விரல்ல ஏதோ கோளாறு" அப்படின்னு வாய் தவறி வந்துடுச்சு. வந்தப்புறம் என்ன பண்றது. போதகர் ஐயா இருமலை மறைக்கிற மாதிரி கையை வாயில வச்சுக்கிட்டாரு. இன்னொரு தரம் சொல்லுங்கம்மா, நானும் எண்ணுறேன்னாரு. சொன்னேன், நானும் கூடவே எண்ணினேன். ஏழு.

 இந்த வருசமும் போச்சு. மறுபடியும் தூணு, மறுபடியும் கடைசிப் பலகை, அவரு தனியாப் போவாரு. மூப்பருக்கு முன்னால அழக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். மூப்பர் பென்சிலை எடுத்தாரு.

"கொஞ்சம் பொறுங்க" அப்படின்னு அவரை நிறுத்திட்டு, போதகர் ஐயா என்னைப் பாத்து, "எப்படிம்மா மனப்பாடம் பண்ணினீங்க? எழுத்து தெரியாதுன்னு சொன்னீங்களே" அப்படின்னாரு.

இனி மறைச்சு என்ன ஆகப்போகுது. "ரயில்லங்க ஐயா" அப்படின்னேன். எல்லாத்தையும் சொன்னேன். விசில், வாசல் கூட்டுறது, சட்டி பானை, மரம், வெயில், பாலம். மூப்பர் மூக்குக் கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பாத்தாரு. போதகர் ஐயா நாக்காலியை முன்னால இழுத்துப் போட்டுக்கிட்டாரு. அவரும் கிள்ளான் சபைக்கு மாசம் ரெண்டு தடவை அதே லைன்ல போறவரு.

"சரி, சுங்கைவேயில கால் தள்ளாடாது. அடுத்து?"

"பத்து தீகா, நிழல்."

"நடுவுல?"

"நடுவுல ஒண்ணுமில்லீங்க ஐயா. ஹால்ட் இருக்கு, ஆனா அங்க நிக்காது. அவரு இப்ப மெயில்ல போறாரு."

சொல்லி முடிச்சப்பறம்தான் என் காதுலயே விழுந்துச்சு. ரெண்டு மாசமா அவர் வண்டி அந்த ஹால்ட்டுல நிக்காமப் போயிருக்கு, கூடவே நானும் நிக்காமப் போயிருக்கேன். பெரியவன் தலையை வாரினேன், சீப்பை வச்சேன், அடுத்த வசனத்துக்குப் போயிட்டேன். முன்னால ஒண்ணு தூங்காமக் காக்கிறவர்னுதானே முடியுது, அதனால விட்டுப் போனதே உறைக்கல. வெக்கத்துல எனக்குத் தலை நிமிரல.

"அப்ப உங்க வீட்டுக்காரரைப் பழைய வண்டிக்கு மாத்திடுங்கம்மா" அப்படின்னாரு போதகர் ஐயா.

கண்ணை மூடினேன். அவரை மெயில்லேருந்து இறக்கி, ஏழு மணி வண்டியில ஏத்தினேன். மலை, பெட்டாலிங், சுங்கைவே, அப்புறம் அந்த விளக்குக் கம்பம். வண்டி நின்னுச்சு. வசனம் அங்கேயேதான் இருந்துச்சு, நான் வச்ச இடத்துல. அதையும் எடுத்துக்கிட்டு போர்ட் வரைக்கும் போனேன். மூப்பர் விரலை மடக்கிக்கிட்டே வந்தவரு, "எட்டு" அப்படின்னாரு. அப்பவும் விடல. "ஆறாவது வசனம் மட்டும் தனியாச் சொல்லுங்க" அப்படின்னாரு. அது எனக்கு ஒரு கஷ்டமா? நேரா பாடாங் ஜாவாவுல போயி இறங்கி, வெயிலையும் நிலாவையும் சொன்னேன். இந்தத் தடவை அவரு நோட்டுல போட்டது கோடு இல்ல. வெளியில வந்து சொன்னதும் அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ஆறாவதைத் தனியாத் தன்னைக் கேட்டிருந்தா முதல்லேருந்துதான் வந்திருக்க வேணும்னு சொன்னாங்க. எனக்குக் கொஞ்சம் கர்வமா இருந்துச்சு, ஏன் பொய் சொல்லணும்.

வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். விழுந்து விழுந்து சிரிப்பாருன்னு நினைச்சேன். அவரு சிரிக்கல. "தினமும் என் கூடவே வந்தியா புள்ள" அப்படின்னு மட்டும் கேட்டுட்டு, வெத்தலைப் பெட்டியை எடுத்துக்கிட்டு வெளியில போயி உக்காந்துட்டாரு. எனக்குக் கோவம்கூட வந்துச்சு. இத்தனை பாடுபட்டு ஜெயிச்சு வந்திருக்கேன், ஒரு நல்ல வார்த்தை சொன்னா என்னவாம்.

அறுப்பின் பண்டிகைக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை திருவிருந்து. டியூட்டியை இன்னொருத்தருக்கு மாத்திக் குடுத்துட்டு வந்தாரு. அக்கா புள்ளைகளைப் பிடிச்சுக்கிட்டாங்க, அவங்க முறை எங்களுக்கு அப்புறம். அவரு அந்தப் பக்கத்துலேருந்து எந்திரிச்சாரு, நான் இந்தப் பக்கத்துலேருந்து எந்திரிச்சேன், நடுப் பாதையில சேர்ந்தோம்.  கூட்டம் அன்னிக்கு அதிகம், கிராதி முழுக்கத் தோளோட தோள் இடிக்க ஆளுங்க முட்டி போட்டிருந்தாங்க. அவரு போயி ஒரு ஓரத்துல முட்டி போட்டாரு. அவருக்கு இடது பக்கம் மட்டும் ஒரு ஆள் இடம் காலியா இருந்துச்சு. பின்னால வந்த மனுசரு அந்த இடத்தைப் பாத்தாரு, பாத்துட்டு, சுத்திக்கிட்டு வேற பக்கம் போனாரு. யாரோ வர்ற இடம் போலிருக்குன்னு நினைச்சு நான் தயங்கி நின்னேன்.

வரிசை சரிபண்ணிக்கிட்டு நின்ன மூப்பர் என் பக்கத்துல வந்தாரு. "போங்கம்மா, அது உங்க இடம்தான்" அப்படின்னாரு மெதுவா. "ஆறு வருசமா உங்க வீட்டுக்காரர் அதுல யாரையும் முட்டி போட விட்டதில்ல. நானே ரெண்டு தடவை நெருங்கி முட்டி போடச் சொல்லிப் பாத்தேன், என் சம்சாரம் வருவான்னுட்டாரு."

ஆறு வருசம், மாசா மாசம். என்கிட்ட ஒரு தடவைகூடச் சொன்னதில்ல. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டே இருந்ததால பாத்ததும் இல்ல. மூப்பருக்கு முன்னால அழக்கூடாதுன்னு வச்சிருந்த வைராக்கியம் எல்லாம் அங்கேயே போச்சு. அழுதுக்கிட்டே போயி அவருக்கு இடது பக்கம் முட்டி போட்டேன், அவரு கொஞ்சம்கூட நகர வேண்டியிருக்கல.